ரோல் நம்பர் பத்தொன்பது

கிடர்பூரில், கப்பல் டாக்குக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் சாவித்ரியின் வீடு. உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கதவில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டைதான். கொட்டை கொட்டையான இங்கிலீஷ் எழுத்தில் 'டோர்' என்று எழுதியிருக்கும். ஜன்னலில் 'விண்டோ'. சாப்பாட்டு மேஜையில் 'டேபிள்', நாலு நாற்காலியிலும் நாலு 'சேர்', சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே 'கிளாக்'. காலண்டர் ஆணியில் 'மேப்' என்று ஓர் அட்டை தொங்கும். வீட்டில் மேப் கிடையாது. இருக்கிற அட்டையைச் சும்மா கட்டோடு பரணில் போட்டு வைக்க அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜுக்கு அட்டை இல்லை. கட்டிலுக்கு இல்லை, மாத்திரை டப்பாவுக்கு இல்லை. அந்த அட்டைகள் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதியவை, வகுப்பறையில் ஃபிரிட்ஜும் கட்டிலும் ஏது? வந்து பார்க்கிறவர்கள், ரிடையராகி வீட்டில் உட்கார்ந்ததும் டீச்சரம்மாவுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அட்டைகள் அவளுக்காக ஒட்டியவை இல்லை. அவள் வீட்டுக்காரருக்காக ஒட்டியவை.

சாவித்ரி முப்பத்தொரு வருஷம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒண்ணாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்தவள். டாக்கில் மூட்டை தூக்குகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், சின்னதாகக் கடை வைத்திருக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஒருத்தன் வீட்டில் உருது, இன்னொருத்தி வீட்டில் பெங்காலி, பின் பெஞ்சில் போஜ்புரி, நடுவில் இரண்டு தெலுங்கு. டீச்சருக்கோ தமிழ். இந்தக் கூட்டத்துக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டுமானால் கையால் தொட்டுக் காட்ட முடிகிற சொல்லில்தான் தொடங்க முடியும். திஸ் இஸ் எ சேர். திஸ் இஸ் எ டஸ்டர். ஸ்டாண்ட் அப், சிட் டவுன், ஓபன் யுவர் புக். வருஷா வருஷம் அதே நாற்பது சொல். அவளுக்கு அலுக்கவே இல்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே அலுத்துப் போயிருந்தது. குரல் மட்டும் தேயவில்லை. இரண்டாவது மாடியில் அவள் 'சைலன்ஸ்' என்றால் தெருவில் கைவண்டி இழுக்கிறவன் நின்றுவிட்டுப் போவான் என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள்.

அவள் வகுப்பில் காலை எட்டரைக்கு அட்டெண்டன்ஸ். அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு, பழைய இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்களில் இருந்த வழக்கத்தையே அவளும் வைத்திருந்தாள். பேரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கி, 'பிரசன்ட், மிஸ்' என்று சொல்ல வேண்டும். வராத பிள்ளையின் பேருக்கு யாரும் கத்தக்கூடாது. பக்கத்தில் உட்காருகிற பிள்ளை அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கி, 'ஆப்சென்ட், மிஸ்' என்று சொல்ல வேண்டும். அவள் சிவப்பு மையில் ஒரு 'ஏ' போடுவாள்.

வீட்டுக்காரர் மஹாதேவன் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை ஆபீசில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து, சூப்பரின்டென்டென்டாக ரிடையர் ஆனவர். இங்கேயே பிறந்து, இங்கேயே இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவர். பேச்சென்றால் அப்படி ஒரு பேச்சு. வெங்காயம்கூடச் சேர்க்காத மனுஷர், தினம் காலை மார்க்கெட்டில் மீன்காரனோடு அரை மணி நேரம் பெங்காலியில் அரசியல் பேசிவிட்டுக் கத்தரிக்காயோடு வீடு திரும்புவார். வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே 'சாவித்ரி' என்று குரல் வந்துவிடும். சாவித்ரி, காபி. சாவித்ரி, என் கண்ணாடி எங்கே. சாவித்ரி, இதைக் கேட்டியா. ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் மூன்று பிளாக் தள்ளி இருந்தவர்களுக்கும் அவள் பேர் தெரியும்.

அவள் பக்கம் கதையே வேறு. மஹாதேவன் என்று நாம் இங்கே சுலபமாக எழுதிவிட்டோம். கல்யாணமாகி முப்பத்துநாலு வருஷத்தில் சாவித்ரி அந்தப் பேரை ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. அவரிடம் 'ஏன்னா'. மற்றவர்களிடம் 'அவர்', 'எங்காத்துக்காரர்', பெங்காலிக்காரர்களிடம் 'சிவராமின் அப்பா'. அவள் அம்மா சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை, அவளும் சொல்லவில்லை. யாரும் மிரட்டி வைத்த வழக்கம் இல்லை. படித்தவள், சம்பாதித்தவள், காலையில் முப்பத்தெட்டுப் பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், வீட்டுக்கு வந்தால் அந்த ஒரு பேருக்கு மட்டும் நாக்கு எழும்பாது. மருமகள் சுப்ரியா பெங்காலிப் பெண். சிவராமை 'ஷிபு, ஷிபு' என்று நாளுக்கு நூறு தடவை கூப்பிடுகிறவள். கல்யாணமான புதிதில் மாமியாரின் இந்தச் சங்கதியைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை, காபி டம்ளர் மஹாதேவன் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரி கவுன்டரில் 'பேஷன்ட் நேம்?' என்று கேட்டார்கள். வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஸ்ட்ரெச்சரில் புருஷன் கிடக்கிறார், சாவித்ரி ஹேண்ட்பேக்கில் பேனா தேடினாள். ஒரு பில்லின் பின்பக்கத்தில் பேரை எழுதி நீட்டினாள். கவுன்டர்க்காரர் இவளை ஊமை என்று நினைத்துவிட்டார். அதற்கப்புறம் எல்லாவற்றையும் ஜாடையிலேயே கேட்டார்.

அன்றைக்கு அவள் அழவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் கால் மரத்துக் கிடக்குமே, மனசு அப்படிக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சுரீரென்று வலித்து உயிர் வந்துவிடும் என்று காத்துக்கொண்டிருந்தாள். மார்ச் வந்தது, ஏப்ரல் வந்தது. வலி வரவில்லை. சமையல் நடந்தது, துணி காய்ந்தது, மருந்து வேளைக்கு வேளை உள்ளே போயிற்று.

மூன்று வாரத்தில் மஹாதேவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை விழுந்துவிட்டது. காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. அதைவிடப் பெரிய அடி, தமிழே உள்ளே போகவில்லை. 'சாப்பிடுங்கோ' என்றால் அவள் உதட்டைப் பார்ப்பார். 'இந்தப் பக்கம் திரும்புங்கோ' என்றால் ஃபேனைப் பார்ப்பார். மூளையில் அடிபட்டால் சிலருக்கு ஒரு பாஷை போய் இன்னொன்று தங்கும், எது தங்கும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த 'சாவித்ரி'யும் போன இடம் தெரியவில்லை. சிவராமுக்கு அவள் அம்மா, சுப்ரியாவுக்கு மா, அக்கம்பக்கத்துக்கு, பெங்காலியில் சித்தி என்கிற மாதிரி, மாஷிமா. பேர் சொல்லி அவளைக் கூப்பிட வீட்டில் ஆள் இல்லாமல் போயிற்று.

ஒரு நாள் காலை, அவரைக் குளிப்பாட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். "உட்காருங்கோ. உட்காருங்கோன்னா." பத்து தடவை சொல்லியாயிற்று. மனுஷர் அவள் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு நின்றார். முதுகு விண்விண்ணென்று தெறித்தது. எரிச்சலில் பதினோராவது தடவை பள்ளிக்கூடக் குரல் தானாக வெளியே வந்துவிட்டது.

"சிட் டவுன்!"

மஹாதேவன் சட்டென்று உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நேராகப் பார்த்தார்.

சாவித்ரி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். "ஸ்டாண்ட் அப்," என்றாள் மெதுவாக. அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று மத்தியானம் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து அட்டைக் கட்டை இறக்கினாள்.

அதிலிருந்து தினம் வகுப்புதான். வாட் இஸ் திஸ்? முதலில் உதடு மட்டும் அசைந்தது, போகப் போக 'சேர்' என்பார். ஃபுல் சென்டன்ஸ் ப்ளீஸ். "திஸ்... இஸ்... எ சேர்." மே மாசக் கடைசியில் இருபத்திரண்டு சொல் தேறியிருந்தது. அட்டையில் இல்லாத எதற்கும் சொல் இல்லை. பசிக்கிறதா, வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா என்பதெல்லாம் ஒண்ணாம் வகுப்பு அட்டையில் கிடையாது. சாவித்ரிக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியாகக்கூட இருந்தது. நாற்காலி எது என்று கேட்டால் நாற்காலியைக் காட்டினால் போதும். வேறு எதையும் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஜூன் மாசம் ஒரு திங்கட்கிழமை சிவராமும் சுப்ரியாவும் நியூ டவுனிலிருந்து சாதனாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். சாதனா பேச்சுப் பயிற்சி கொடுக்கிற தெரபிஸ்ட். அங்கே சிவராமின் ஃப்ளாட்டுக்குப் பத்து நிமிஷத்தில், இப்படிப்பட்ட நோயாளிகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹோம் இருந்தது. அதில்தான் அவளுக்கு வேலை. சிவராம் அப்பாவைத் தள்ளிவிடப் பார்க்கிற பிள்ளை இல்லை. அறுபது வயது அம்மா, எழுபத்தெட்டு கிலோ அப்பாவைத் தனியாகத் தூக்கி நிறுத்துவதை நினைத்தால் அவனுக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை.

சாதனா ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். விண்டோ எங்கே என்று இங்கிலீஷில் கேட்டதும் மஹாதேவன் ஜன்னலைக் காட்டினார். டோர் எங்கே என்றதும் கதவைக் காட்டினார். சாதனா சாவித்ரியைப் பார்த்து மெச்சிக்கொள்கிற மாதிரி தலையாட்டினாள். அடுத்தது, பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாரா என்று பார்ப்பது. முதுகுப் பக்கம் போய் நின்று, "மஹாதேவன் பாபு," என்றாள். "மிஸ்டர் மஹாதேவன்," என்றாள். அவர் திரும்பவில்லை.

"மாஷிமா, நீங்க வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படியே கூப்பிடுங்க," என்றாள் பெங்காலியில்.

"ஏன்னா," என்றாள் சாவித்ரி.

மஹாதேவன் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது பேர் இல்லையே, மாஷிமா. பேரைச் சொல்லுங்க. காது கேக்குது, பேர் தெரியலேன்னா ஆபத்து. கதவைத் திறந்துகிட்டு கீழே லாரிக்கு நடுவுல இறங்கிட்டார்னா, நீங்க மாடியிலேர்ந்து எப்படித் திருப்புவீங்க?"

"அம்மா, ஒரே ஒரு தடவை கூப்பிடேன்," என்றான் சிவராம் தமிழில். "இப்பப் போய் இதெல்லாம் பாத்துண்டிருக்கணுமா?"

சாவித்ரி வாயைத் திறந்தாள். உதடு சேர்ந்து பிரிந்தது. இருமல்தான் வந்தது. வெட்கமாக இருந்தது அவளுக்கு, சொல்ல முடியாததற்காகவும், இத்தனை பேர் நடுவில் அதைச் சொல்லச் சொன்னதற்காகவும். சாதனா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் படிவத்தில் சைபர் போட்டாள். அடுத்த திங்கட்கிழமை மறுபடி வந்து பார்ப்பதாகவும், அப்போதும் இப்படியே என்றால் தனியாக வீட்டில் வைத்திருக்கச் சொல்லித் தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது என்றும் சொன்னாள்.

"அப்படின்னா அதுக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமையே ஹோம்ல சேத்துடலாம்மா," என்றான் சிவராம். "நீயும் எங்களோட வந்துடு. தினம் போய்ப் பாத்துட்டு வரலாம்."

"வேண்டாம்டா."

"ஏம்மா வேண்டாம்?"

ஏன் என்று அவளுக்கே பிடிபடவில்லை. பிரியமா என்று மனசுக்குள் துழாவிப் பார்த்தாள், கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை. காலை ஆறு மணிக்கு எழுந்தால் நிறுத்த ஆள் இல்லை, உட்காரவைக்க ஆள் இல்லை என்று நினைத்தபோது மட்டும் பயம் வந்தது. நாலு மாசத்தில் அவளுக்கு வந்த ஒரே உணர்ச்சி அந்தப் பயம்தான். அதை விட்டால் தன்னிடம் வேறொன்றும் இல்லை என்று தோன்றியது. அவரை அனுப்பக்கூடாது. அந்த ஒரு முடிவு மட்டும் கெட்டியாக நின்றது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, குக்கர் விசில் அடிக்கும்போது சொல்லிப் பார்த்தாள். பாதிப் பேர் வந்தது. குக்கர் நின்றதும் மீதியும் நின்றுவிட்டது. புதன்கிழமை சிவராம் தன் குரலில் 'மஹாதேவன், மஹாதேவன்' என்று ரெக்கார்ட் செய்து ஃபோனில் அனுப்பினான். அவர் காதருகே வைத்து ஓடவிட்டாள். மஹாதேவன் ஃபோனைப் பார்த்தார், "திஸ் இஸ் எ பாக்ஸ்," என்றார், அதோடு சரி.

வியாழக்கிழமை வகுப்பு நடக்கும்போது அவள் டெஸ்க் அட்டையைத் தூக்கிக் காட்டினாள். மஹாதேவன் பதில் சொல்வதற்கு முன்னால் இடது கையைத் தூக்கினார். கையைத் தூக்கச் சொல்லி அவள் சொல்லித்தரவில்லை. அவர் எங்கேயோ ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதில் இவருக்கு என்ன பேர்? அவர் அம்மாவுக்கு 'தேவு'. தெருவுக்கும் 'தேவு'. பிற்பாடு ஆபீசில் ஐயர் அண்ணா என்கிற அர்த்தத்தில் 'ஐயர்தா', மார்க்கெட்டில் 'ஐயர்தா', வீட்டில் 'ஏன்னா', 'அப்பா'. மஹாதேவன் என்று முழுசாக இந்த மனுஷரைக் கூப்பிட்டது யார்? தினம் காலை ரிஜிஸ்டரைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்ட டீச்சர்தான்.

வெள்ளிக்கிழமை காலை கீழே ஸ்டேஷனரிக் கடையில் நீளமான நோட்டு ஒன்று வாங்கி வந்தாள். ஸ்கேலை வைத்துக் கட்டம் போட்டாள். கடைசியாக அவள் எடுத்த வகுப்பின் முப்பத்தெட்டுப் பேரும் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் ஞாபகம் இருந்தது. அஃப்தாப் ஆலம், அஞ்சலி ஷா, அர்பிதா மண்டல் என்று எழுதிக்கொண்டே போனாள். லைலா காத்தூனுக்கும் மெஹ்தாப் அன்சாரிக்கும் நடுவில் 'மஹாதேவன்' என்று எழுதினாள். எழுதுவதில் அவளுக்கு என்றைக்கும் சிரமம் இருந்ததில்லை. ரோல் நம்பர் பத்தொன்பது வந்தது.

கஞ்சி போட்ட காட்டன் புடவை கட்டிக்கொண்டு, கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு, எட்டரை மணிக்கு 'மேப்' அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "குட் மார்னிங், சில்ரன்." மஹாதேவன் எழுந்திருக்க முயன்றார். "சிட் டவுன். ரோல் நம்பர் ஒன். அஃப்தாப் ஆலம்."

வீடு கம்மென்றிருந்தது. கீழே லாரி ஒன்று பின்பக்கமாக நகரும் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளிக்கூடத்தில் முதல் வாரம், எப்படிப் பதில் சொல்வது என்று அவளே பேசிக் காட்டுவாள். அதே மாதிரி இப்போதும் கையைத் தூக்கி, கீச்சுக் குரலில், "பிரசன்ட், மிஸ்," என்றாள். 'பி' போட்டாள். "ரோல் நம்பர் டூ. அஞ்சலி ஷா." அதற்கும் அவளே பதில் சொன்னாள். யாராவது வாசலில் நின்று பார்த்திருந்தால் சந்து முழுக்கக் கதை பரவியிருக்கும். அறுபது வயதுக்காரி டீச்சர் குரலில் கேட்டு, குழந்தைக் குரலில் பதில் சொல்லிக்கொண்டு போனாள். பதினெட்டுப் பேர் ஆயிற்று. கூப்பிட்டு வந்த வேகத்தில் பத்தொன்பதாவதும் நாக்கில் தானாக வந்து நின்றது.

"ரோல் நம்பர் நைன்டீன். மஹாதேவன்."

இதற்கு அவள் பதில் சொல்லவில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மஹாதேவனின் இடது கை மேலே போயிற்று. "பிரசன்ட், மிஸ்," என்றார். குழறல் இல்லாமல், சத்தமாக, முன் பெஞ்சுப் பையன் சொல்கிற மாதிரி சொன்னார்.

சாவித்ரியின் நெஞ்சுக்குள் எங்கேயோ சுருக்கென்றது. வந்துவிட்டது, இதோ வலிக்கப் போகிறது என்று நின்றாள். அது அப்படியே அமுங்கிப் போயிற்று. 'பி' போட்டாள். "ரோல் நம்பர் ட்வென்டி. மெஹ்தாப் அன்சாரி." முப்பத்தொன்பது பேரையும் கூப்பிட்டு முடித்த பிறகுதான் அடுப்படிக்குப் போனாள். முப்பத்துநாலு வருஷமாக வாயில் வராத பேரை அவள் சொல்லியாயிற்று. சொன்னது டீச்சர்தான் என்று பட்டது. வீட்டுக்காரியின் நாக்கு இன்னும் பழையபடியே கிடந்தது.

திங்கட்கிழமை சாதனா மறுபடி முதுகுப் பக்கம் நின்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் அசையவில்லை. சிவராம் சுப்ரியாவைப் பார்த்தான். சாவித்ரி, "அஞ்சு நிமிஷம் கொடுங்கோ," என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு 'மேப்' அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அஃப்தாப் ஆலத்திலிருந்து தொடங்கினாள். அம்மா கையைத் தூக்கிக் கீச்சுக் குரலில் பதில் சொல்வதைப் பார்க்க முடியாமல் சிவராம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுப்ரியா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள், இந்தத் தடவை சிரிப்பதற்காக இல்லை. பத்தொன்பது வந்தது. அம்மா வாயால் அப்பா பேரைச் சிவராம் அவன் ஆயுசில் முதல் தடவையாகக் கேட்டான்.

"பிரசன்ட், மிஸ்," என்றார் மஹாதேவன்.

சாதனா டிக் போட்டாள். அதோடு விடாமல், உற்சாகத்தில் மஹாதேவன் முன்னால் குனிந்து, சாவித்ரியைக் காட்டி, "ஹூ இஸ் ஷீ?" என்று கேட்டாள்.

மஹாதேவன் சாவித்ரியை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார். "ஷீ... இஸ்... மை டீச்சர்."

"ஃபுல் சென்டன்ஸ்!" என்று சாதனா கையைத் தட்டினாள். "மாஷிமா, பிரமாதம். இவர் வீட்டுலேயே இருக்கட்டும், நான் எழுதிக் கொடுக்கறேன்." தன் பேர் தெரிகிறது, டீச்சரைத் தெரிகிறது, ஜன்னலும் கதவும் தெரிகிறது. பெண்டாட்டியைத் தெரிகிறதா என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. சிவராம் ஹோமுக்கு ஃபோன் போட்டு நாளைக்கு வரவில்லை என்று சொன்னான். சுப்ரியா கொண்டுவந்திருந்த சந்தேஷ் இனிப்பு டப்பாவைப் பிரித்தாள். சாவித்ரி எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்து, சிரிக்க வேண்டிய இடத்தில் தானும் சிரித்தாள். நினைத்தது நடந்துவிட்டது. நடந்ததற்கான சந்தோஷம் எந்த நேரத்தில் வரும் என்று மட்டும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, அவரை ஹோமில் சேர்த்திருக்க வேண்டிய நாள், எட்டேகால் மணிக்கு அவரைக் குளிப்பாட்டி 'சேர்' அட்டை ஒட்டின நாற்காலியில் உட்காரவைத்தாள். நோட்டைப் பிரித்தாள். முப்பத்தொன்று சஞ்சனா ஷா, முப்பத்திரண்டு ஷப்னம் பர்வீன். நடுவில் வரி இல்லை. அந்த இடுக்கில் பொடி எழுத்தில் ஒரு பேரை எழுதிச் சேர்த்தாள். ஏன் எழுதினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. நாலு மாசமாக அந்தப் பேரை அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவர் வாயால் நாளெல்லாம் கேட்ட பேர். யாராவது எடுத்துச் சொன்னால் ஒருவேளை அவர் திரும்பிப் பார்ப்பார் என்று ஒரு நப்பாசை.

"குட் மார்னிங், சில்ரன்."

வரிசையாகக் கூப்பிட்டாள். கீச்சுக் குரலில் பதில் சொன்னாள். பத்தொன்பதுக்கு அவர் 'பிரசன்ட், மிஸ்' என்றார். சஞ்சனா ஷாவுக்கும் அவளே பதில் சொல்லி 'பி' போட்டாள்.

"சாவித்ரி," என்றாள்.

இதற்கு அவள் கையைத் தூக்கவில்லை. கீச்சுக் குரலும் கொடுக்கவில்லை. நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மஹாதேவன் காத்திருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை என்றதும், பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். எதிர் நாற்காலியைப் பார்த்தார். கதவைப் பார்த்தார், ஒருவேளை லேட்டாக வருகிறதோ என்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் சாவித்ரியைப் பார்த்தார். டீச்சரைக் காக்கவைக்கக்கூடாது என்று தெரிந்த பிள்ளை மாதிரி இடது கையைத் தூக்கினார்.

"ஆப்சென்ட், மிஸ்."

"தேங்க் யூ," என்றாள் சாவித்ரி. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பொடி எழுத்துக்கு நேரே ஒரு 'ஏ' போட்டாள். இப்போதாவது அழுகை வரும் என்று மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று தோன்றியது. பிப்ரவரியிலிருந்து சாவித்ரி இந்த வீட்டில் எங்கே இருந்தாள்? அழுகை வரவில்லை. அவர் கையை இறக்காமல், அடுத்த பேருக்காக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹேண்ட் டவுன்," என்றாள். "ரோல் நம்பர் தர்ட்டி டூ. ஷப்னம் பர்வீன்."

மறுநாள் எட்டரைக்கும் அந்தப் பேரைக் கூப்பிட்டாள், அதற்கடுத்த நாளும் கூப்பிட்டாள். வராத பிள்ளையின் பேரையும் தினம் கூப்பிட்டுவிட்டுத்தான் 'ஏ' போட வேண்டும். முப்பத்தொரு வருஷமாக அவள் அப்படித்தான் செய்து வந்திருக்கிறாள்.